தெளியாத நீர்: தாம்பரம் அருகே ஒரு குடியிருப்பின் படிவுத் தொட்டி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாம்பரத்தை ஒட்டி, அடையாற்றின் வடிநிலப் பரப்புக்குள் அமைந்த 180 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், 2023 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வரை நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பொதுக் குழாய்நீர் அந்தத் தெருவுக்கு எட்டாததால், குடியிருப்பின் தண்ணீர்த் தேவை வளாகத்துக்குள் இருக்கும் இரண்டு போர்வெல்களாலும், மழைநீர் சேகரிப்புக் குழாய்கள் வந்து சேரும் ஒரு பழைய திறந்த கிணற்றாலும், மீதத்துக்கு லாரித் தண்ணீராலும் நிறைவேறி வந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கன மீட்டர், அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர், செலவாகும்.

எந்த வழியில் வந்த நீரும் முதலில் தரைக்கடியில் உள்ள சிறிய சம்ப்புக்குள் விழும். அங்கிருந்து மோட்டார் அதை 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீராழமும் கொண்ட படிவுத் தொட்டிக்கு, அதாவது நீரில் உள்ள மண் அடியில் படிவதற்கான தொட்டிக்கு, ஏற்றும். அதிலிருந்து வழியும் நீர் மணல் வடிகட்டி வழியாகச் சென்று, குளோரின் கலக்கப்பட்டு, மாடித் தொட்டிகளுக்குப் போகும். மோட்டார் ஒன்று ஓடினால் மணிக்கு 15 கன மீட்டரும், இரண்டும் ஓடினால் 30 கன மீட்டரும் தொட்டிக்கு வரும். சாதாரண நாட்களில் போர்வெல் நீரே பெரும்பங்கு என்பதாலும், அது கடினமானதாக இருந்தாலும் கலங்கல் இல்லாதது என்பதாலும், படிவுத் தொட்டி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க யாருக்கும் காரணம் ஏற்படவில்லை. குடியிருப்பு கட்டப்பட்ட நாள் முதல் அது நீர் கடந்து செல்லும் ஓர் இடமாகவே இருந்து வந்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்து, இரண்டு போர்வெல்களின் மின்பெட்டிகளும் பழுதாயின. அவை சரியாகும்வரை திறந்த கிணறும் லாரியும்தான் கதி என்றாயிற்று. கிணற்று நீர் செம்பழுப்பாக இருந்தது. லாரிகள் ஏரியோரக் கிணறுகளிலிருந்து கொண்டுவந்த நீரும் அதற்குச் சளைத்ததாக இல்லை.

முதல் வாரங்களில் காணப்பட்டவை

குழாயில் மங்கலான, மண்வாசனை உள்ள நீர் வந்தது. மணல் வடிகட்டி விரைவாக அடைத்துக்கொண்டதால், முன்பு வாரத்துக்கு ஒருமுறை செய்த பேக்வாஷை, அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி வடிகட்டியைக் கழுவுவதை, நாளுக்கு இருமுறை செய்ய நேர்ந்தது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எல்லா வீடுகளும் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டன. குடியிருப்போர் சங்கத்தின் உடனடி நடவடிக்கை, பலரும் செய்வதுதான்: படிகாரக் கட்டிகளைச் சாக்கில் கட்டிச் சம்ப்புக்குள் தொங்கவிட்டார்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. பிறகு மீண்டும் கலங்கல் கூடியது. கலங்கல் கூடக் கூடப் படிகாரத்தையும் கூட்டினார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 12 கிலோ வரை கரைந்துகொண்டிருந்தது. இதைச் செலவாகும் நீரால் வகுத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வருகிறது.

இந்தக் காலத்தில் இரண்டு பேர் சொன்ன இரண்டு செய்திகள் பின்னர் முக்கியமாயின. சொல்லப்பட்டபோது அவை யார் காதிலும் பெரிதாக விழவில்லை. முதல் மாடியில் வசிக்கும் ஓர் இல்லத்தரசி, வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் துவர்க்கிறது என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருமுறை எழுதியிருந்தார். பம்ப் ஆபரேட்டர், தினமும் தொட்டியைப் பார்ப்பவர் என்ற முறையில், செயலாளரிடம் சொன்னது இது: “காலையில நல்லாத்தான் சார் இருக்கு. லாரி வந்து மோட்டார் போட்டா, மதியத்துக்கு மேல மறுபடி கலங்கிடுது.”

டிசம்பர் இறுதியில் ஓர் ஒப்பந்ததாரர் தீர்வு ஒன்றை முன்வைத்தார். தொட்டியில் நீர் தங்கும் நேரம் 3 மணிதான், அது போதாது, சுவரை உயர்த்தி ஆழத்தை 4 மீட்டராக்கினால் நேரம் ஏறத்தாழ 5 மணியாகும், மண் முழுவதும் படிந்துவிடும் என்பது அவரது வாதம். செலவு பல லட்சம். சங்கத்தில் பெரும்பாலோர் அதற்கு இசைந்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் பொறியியல் கற்பிக்கும் என்னிடம் அவர்கள் வந்தது அந்த மதிப்பீட்டின் மேல் ஒரு கருத்துக் கேட்பதற்காக மட்டுமே.

ஆழம் ஏன் உதவாது

ஒப்பந்ததாரரின் வாதம் கேட்பவர் எவருக்கும் சரியென்றே படும். நேரம் கூடினால் படிவு கூடும் என்பது பானைத் தண்ணீரில் நாம் நாள்தோறும் காண்பது. ஆனால் பானையில் நீர் நிற்கிறது, படிவுத் தொட்டியிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் நீரில் ஒரு துகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடித்துச் செல்லப்படும் நேரத்துக்குள் தரையைத் தொட்டாக வேண்டும். ஆழத்தை இரட்டிப்பாக்கினால் நீர் தங்கும் நேரம் இரட்டிப்பாகிறது என்பது உண்மை. அதே வேளையில் துகள் விழ வேண்டிய தொலைவும் இரட்டிப்பாகிவிடுகிறது, எனவே ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. மிஞ்சுவது தொட்டியின் தரைப் பரப்பு மட்டுமே. மணிக்கு வரும் நீரின் கன அளவைத் தரைப் பரப்பால் வகுத்தால் ஒரு வேகம் கிடைக்கும். அந்த வேகத்தைவிட விரைவாக விழும் துகள் படியும், மெதுவாக விழுவதில் ஒரு பகுதி தப்பிவிடும். அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904-இல் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஆழத்தின் மேல் உள்ள நம்பிக்கை நம் கட்டுமானத் தொழிலை விட்டுப் போகவில்லை என்பது எனக்கு வருத்தமளிப்பது.

இந்தத் தொட்டியின் பரப்பு 18 சதுர மீட்டர். 15 கன மீட்டரை 18-ஆல் வகுத்தால் மணிக்கு 0.83 மீட்டர், அதாவது நொடிக்கு 0.23 மில்லிமீட்டர். சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த எண் மாறாது.

அப்படியானால் மழைநீரில் வந்த மண் என்ன வேகத்தில் விழும்? ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட விதி இதற்கு விடை தருகிறது. சிறு உருண்டை ஒன்று அசையாத திரவத்தில் விழும்போது, அதன் எடைக்கும் மிதப்பு விசைக்கும் உள்ள வேறுபாடு கீழே இழுக்கிறது, திரவத்தின் பாகுத்தன்மை தடுக்கிறது. இரண்டும் சமமானதும் உருண்டை மாறாத வேகத்தில் இறங்குகிறது. அந்த வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது, பாகுத்தன்மைக்கு ஏற்பக் குறைகிறது. நம் ஊர் நீரின் வெப்பநிலையான 30 டிகிரியில், மண்ணின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு என்று கொண்டால், 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள வண்டல் துகள் நொடிக்கு 0.11 மில்லிமீட்டர் விழும். விட்டம் பத்தில் ஒரு பங்காகி 1 மைக்ரான் ஆனால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஒரு மீட்டர் ஆழம் இறங்க அதற்குப் பத்து நாட்களுக்கு மேல் ஆகும். களிமண் துகள்கள் உருண்டையாக அல்லாமல் தகடாக இருப்பதால் உண்மையில் இன்னும் மெதுவாகவே விழும். அதைவிட நுண்ணியவை நீர் மூலக்கூறுகளின் மோதலால் அலைக்கழிக்கப்பட்டு ஒருபோதும் முழுதாகப் படிவதில்லை. அப்படி மிதக்கும் துகள்கள் உயரத்துக்கேற்ப எப்படிப் பரவி நிற்கின்றன என்பதை அளந்ததற்காகவே ஜான் பெரின் 1926-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் கணக்கின்படி, எல்லாம் சீராக நடந்தாலும் இந்தத் தொட்டியில் முழுமையாகப் படியக்கூடிய மிகச் சிறிய மண் துகளின் விட்டம் ஏறத்தாழ 14 மைக்ரான். களிமண் என்று நாம் வகைப்படுத்துவது 2 மைக்ரானுக்கும் கீழே.

பாட்டில்களில் செய்த சோதனை

கணக்கைச் சொல்லி ஒரு சங்கக் கூட்டத்தை இணங்கவைப்பது கடினம் என்பதால், கிணற்று நீரை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில்களில் எடுத்து, சங்க அலுவலகச் சன்னலில் வரிசையாக வைக்கச் சொன்னேன். நீரில் இருந்த மணல், பாட்டிலை வைத்த கையோடு அடியில் நின்றது. முதல் ஒரு மணி நேரத்தில் வண்டலின் பெரும்பகுதி இறங்கி அடியில் ஒரு மெல்லிய அடுக்காயிற்று. அதன் பிறகு மேலே நின்ற செம்மங்கல் மறுநாளும் இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது, வார இறுதியிலும் முற்றாகப் போகவில்லை. 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாட்டிலில், துளி அசைவின்றி ஒரு வாரம் நின்றும் தெளியாத நீர், 4 மீட்டர் தொட்டியில் 5 மணி நேரத்தில் தெளியாது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவர் உயர்த்தும் பேச்சு அந்த வாரமே நிறுத்தி வைக்கப்பட்டது.

பாட்டில்களைப் பார்க்க வந்த முதியவர் ஒருவர், தம் ஊரில் செய்வதுபோல் மண்பானையின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையை உரைத்து அதே நீரை ஊற்றி வைத்தார். மறுநாள் காலை பானை நீர் நன்றாகவே தெளிந்திருந்தது. அந்த விதையிலிருந்து கரையும் பொருள் நுண்துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஒரு லட்சம் லிட்டருக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றாலும், துகளைப் பெரிதாக்கினால்தான் அது விழும் என்பதைக் கூட்டத்தில் இருந்தவர்கள் அந்தப் பானையிலிருந்தே புரிந்துகொண்டார்கள். படிகாரம் செய்ய வேண்டியதும் அதையேதான். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. படிகாரத்தின் அலுமினியம் அந்த விலக்கலைத் தணித்து, தானும் பஞ்சுபோன்ற ஹைட்ராக்சைடாகப் பிரிந்து, துகள்களைத் தன்னுள் சிக்கவைத்துத் திரளாக்கும். எனில், நாளுக்கு 12 கிலோ படிகாரம் போட்டும் ஏன் திரளவில்லை என்பதே அடுத்த கேள்வி.

படிகாரம் தோற்றதற்கான காரணங்கள்

துவர்ப்பு என்ற புகாரை நான் குழுவின் பழைய செய்திகளில் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான். உடனே அமில காரத் தன்மையை அளந்தோம். தொட்டி நீரின் பி.எச். 5.2 இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 கேட்பது 6.5 முதல் 8.5 வரை.

காரணம் நீரின் மாற்றம். போர்வெல் நீரில் காரத்தன்மை மிகுதி. அதில் படிகாரம் போட்டால் வெளிப்படும் அமிலத்தை அந்தக் காரத்தன்மையே ஈடுசெய்துவிடும். புயலுக்குப் பின் வந்த நீரோ பெரும்பாலும் மழைநீர். அதன் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் இருந்தது. ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். லிட்டருக்கு 60 மில்லிகிராமைத் தாண்டியதும் இருப்பு தீர்ந்துபோகிறது. அதன்பின் சேரும் ஒவ்வொரு கிலோவும் நீரை அமிலமாக்கியதே தவிரத் திரளை உண்டாக்கவில்லை. அமிலமான நீரில் அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் பிரியாமல் கரைந்தே நிற்கும். அந்த இல்லத்தரசி நாக்கில் உணர்ந்தது அதைத்தான். கலங்கல் கூடியதும் மருந்தைக் கூட்டியது, இந்த நீரைப் பொறுத்தவரை நோயைக் கூட்டியதாகவே முடிந்தது.

இரண்டாவது காரணம் படிகாரம் கலந்த இடம். தொடக்க நாட்களில் சம்ப்புக்குள் திரள் உருவாகத்தான் செய்தது. ஆபரேட்டர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தத் திரள்கள் அடுத்து மோட்டாரின் சுழல்விசிறிக்குள் புகுந்து பொடியாயின. படிகாரத் திரள் மிக மென்மையானது, ஒருமுறை சிதைந்தால் முந்தைய அளவுக்கு மீண்டும் கூடுவதில்லை. சிதைந்த திரளின் விட்டம் பாதியானால், ஸ்டோக்ஸ் விதியின் போக்குப்படி, விழும் வேகம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சரியலாம்.

மதியத்துக்கு மேல் கலங்குவது ஏன் என்பதற்கு விடை காணத் தொட்டிக்குள் நீர் போகும் வழியை அறிய வேண்டியிருந்தது. இதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. மோட்டார் ஓடும்போது உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக உள்வரும் குழாயில் விட்டு, வெளியேறும் இடத்தில் வீடுகளில் இருக்கும் சாதாரண டி.டி.எஸ். மீட்டரால் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) அளந்தோம். உப்பை ஒரேயடியாகக் கொட்டினால் அந்தக் கனத்த கரைசல் தரையோடு ஓடி முடிவைத் திரித்துவிடும். அதனால் லிட்டருக்கு 300 மில்லிகிராம் மட்டும் உயரும் அளவுக்கு மெதுவாக விட்டோம். கணக்குப்படி மூன்று மணி நேரம் தங்க வேண்டிய நீர், மதிய வேளையில் அரை மணிக்குள் மறுமுனையை எட்டத் தொடங்கிவிட்டது. காலையில் செய்த சோதனையில் அது இவ்வளவு விரைவாக வரவில்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் வெப்பநிலை. இரவு முழுதும் தொட்டியில் நின்ற நீர் 27 டிகிரி. வெயிலில் நின்ற லாரியிலிருந்து இறங்கிய நீர் 30 டிகிரி. இந்த மூன்று டிகிரியால் வரும் அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவே. ஆனாலும் மெதுவாக நகரும் நீரில் அது போதும். சூடான நீர் குளிர்ந்த நீரின் மேல் ஏறிப் பரவி, மூலையில் மேல்மட்டத்தில் இருந்த ஒற்றை வெளியேற்றுக் குழாயை நேராகச் சென்றடைந்தது. உள்வரும் குழாயோ எதிர்மூலையில் மேலிருந்து ஒரே தாரையாகக் கொட்டியது. தொட்டியின் 18 சதுர மீட்டரில் பாதிகூட உருப்படியாகப் பயன்படவில்லை என்பதே என் கணிப்பு. ஆபரேட்டர் முதல் வாரத்திலேயே கண்டு சொன்னது எவ்வளவு துல்லியமானது என்பது இந்தச் சோதனைக்குப் பின்னரே எல்லோருக்கும் விளங்கியது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதலில் அளவு. அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஜார் டெஸ்ட் கருவியும் (வெவ்வேறு மருந்தளவுகளை ஜாடிகளில் ஒப்பிட்டுப் பார்ப்பது) கலங்கல்மானியும் இரவல் பெறப்பட்டன. 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், அந்தக் கரைசலின் ஒரு மில்லிலிட்டர், ஒரு லிட்டர் மாதிரி நீருக்கு 10 மில்லிகிராம் சேர்க்கும். வரிசையான ஜாடிகளில் 10 முதல் 100 மில்லிகிராம் வரை விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் இருபது நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரைமணி நேரம் நிற்கவிட்டோம். 40 மில்லிகிராம் ஜாடியில் நல்ல திரள் கட்டியது. 80-லும் 100-லும் ஜாடி மங்கலாகவே நின்றது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் நீற்றிய சுண்ணாம்பை முன்கூட்டிச் சேர்த்தபோது 40 மில்லிகிராம் ஜாடியின் தெளிவு மேலும் கூடி, பி.எச். 6.5-க்கு மேல் நின்றது. அந்த ஜாடியில் திரள்கள் 15 சென்டிமீட்டர் இறங்க மூன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டன. நொடிக்கு 0.7 மில்லிமீட்டர். தொட்டி கேட்கும் 0.23-ஐ விட இது மூன்று மடங்கு. ஆகவே புதிய தொட்டி வேண்டியதில்லை, இருக்கும் தொட்டிக்குத் திரளைச் சிதையாமல் கொண்டு சேர்த்தால் போதும் என்று முடிவாயிற்று.

சாக்கு அகற்றப்பட்டது. படிகாரக் கரைசல் மோட்டாருக்குப் பின்னால், குழாயின் வளைவுகளுக்கு முன்னால், சிறு பம்ப் மூலம் செலுத்தப்பட்டது. வளைவுகளே விரைவுக் கலப்பைச் செய்தன. மெதுவான கலப்புக்கு இடம் வேண்டியிருந்ததால், தொட்டியின் முதல் ஒரு மீட்டர் நீளத்தைப் பிரித்து, நீர் மேலும் கீழும் ஏறி இறங்கிச் செல்லும்படி தடுப்புப் பலகைகள் வைக்கப்பட்டன. அதில் நீர் அரை மணி நேரம் மெல்லப் புரண்டு திரள் வளர்க்கும். அதன் முடிவில், தொட்டியின் முழு அகலத்துக்கும் துளையிட்ட சுவர் ஒன்று எழுப்பப்பட்டு, ஒற்றைத் தாரை ஒழிக்கப்பட்டது. வெளியேறும் பக்கத்தில் மூலைக் குழாய்க்குப் பதிலாக, விளிம்பில் பல் வெட்டிய வழிந்தோடும் வாய்க்கால் முழு அகலத்துக்கும் அமைக்கப்பட்டது.

இதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு மீட்டரைப் பிரித்ததால் படிவுக்கான பரப்பு 15 சதுர மீட்டராகக் குறைந்தது. ஒரு மோட்டார் ஓடும்போது வேண்டிய வேகம் நொடிக்கு 0.28 மில்லிமீட்டர் என்பதில் கவலையில்லை. காலை நெரிசலில் இரண்டு மோட்டாரும் ஓடினால் அது 0.56 ஆகிவிடும், நல்ல திரளுக்கே நெருக்கடியான எல்லை அது. மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் ஓட்டலாம் என்ற யோசனை, லாரிகள் அடுத்தடுத்து வந்து சம்ப் நிரம்பிவிடும் நடைமுறையால் கைவிடப்பட்டது.

இந்த இடத்தில் உதவியது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு குடியிருப்பாளர். ரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு விரைவாகப் படிகின்றன என்று அளக்கும் இ.எஸ்.ஆர். சோதனையில் குழாயைச் செங்குத்தாக வைக்காவிட்டால் அணுக்கள் விரைவாக இறங்கி அளவு கூடுதலாகக் காட்டும், மூன்று டிகிரி சாய்வே முப்பது சதவீதம் வரை கூட்டிவிடும் என்று தாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் கூட்டத்தில் நினைவுகூர்ந்தார். படிவுத் தொழில்நுட்பத்தில் மிகப் பயனுள்ள உண்மைகளுள் ஒன்று அது. ஏ.ஈ. பாய்காட் என்ற நோய்க்குறியியல் அறிஞர் 1920-இல் இதை வெளியிட்டார். சாய்ந்த குழாயில் துகள் அடிவரை விழ வேண்டியதில்லை, சற்றுக் கீழே இருக்கும் சாய்ந்த சுவரைத் தொட்டால் போதும். அங்கிருந்து படிவு சறுக்கி இறங்கிவிடும். படிவுத் தொட்டிகளில் பொருத்தப்படும் டியூப் செட்லர் என்னும் பிளாஸ்டிக் குழாய்த் தொகுதி இயங்குவது இந்த அடிப்படையில்தான். வெளியேறும் பக்கத்தில் 9 சதுர மீட்டர் பரப்புக்கு, 5 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள குழாய்கள் 60 டிகிரி சாய்வில் பொருத்தப்பட்டன. சாய்வைக் குறைத்தால் கணக்கில் பரப்பு இன்னும் கூடும், ஆனால் சேறு சறுக்காமல் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு மோட்டாரும் ஓடும்போதுகூட, பிடிக்கப்பட வேண்டிய திரளின் குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காக இறங்கியது. முழுச் செலவும், சுவரை உயர்த்தும் மதிப்பீட்டில் பாதியை எட்டவில்லை.

பின்னர் நடந்தவை

வேலைகள் ஒரே நேரத்தில் செய்யப்படவில்லை. ஜனவரியில் அளவும் கலக்கும் இடமும் மாற்றப்பட்ட உடனேயே, தொட்டியைத் தாண்டி வரும் கலங்கல் 60 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) அளவிலிருந்து 20-க்கு அருகே இறங்கியது. துளைச்சுவரும் வாய்க்காலும் அமைந்தபின் காலைக்கும் மதியத்துக்கும் இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. குழாய்த் தொகுதியும் சேர்ந்தபின் 4 முதல் 6 என்.டி.யு. என்ற அளவில் நிலைத்து, மணல் வடிகட்டியைத் தாண்டிய நீர் 1 என்.டி.யு.-க்குக் கீழே வந்தது. ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்கதாகக் குறிப்பிடும் எல்லை அதுவே. பேக்வாஷ் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதுமானதாயிற்று. படிகாரச் செலவு நாளுக்கு 12 கிலோவிலிருந்து 5 கிலோவுக்குள் வந்தது.

மார்ச்சில் போர்வெல்கள் முழுமையாகத் திரும்பியதும் சுண்ணாம்பு நிறுத்தப்பட்டது, பிறகு படிகாரமும் நிறுத்தப்பட்டது. உண்மையான சோதனை அடுத்த பருவமழையில் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது, ஆபரேட்டர் தாமே ஜாடிகளை எடுத்து வைத்து அளவைக் கண்டறிந்து, சுண்ணாம்பையும் படிகாரத்தையும் அன்றே தொடங்கினார். அந்த முறை அளவு 30 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது. சென்ற ஆண்டின் எண்ணை அப்படியே பயன்படுத்தாமல் அவர் புதிதாகச் சோதித்தது, இந்த நிகழ்வில் எனக்கு மிகுந்த நிறைவளித்த ஒன்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கலங்கல் தோன்றிய முதல் நாளிலேயே பி.எச்., காரத்தன்மை இரண்டையும் அளந்திருந்தால், மிகைப்படிகாரம் கலந்த நீர் வீடுகளுக்குச் சென்ற வாரங்களைத் தவிர்த்திருக்கலாம். இரண்டையும் அளக்கும் சிறு பெட்டிகள் மீன்தொட்டிப் பொருட்கள் விற்கும் கடைகளிலேயே கிடைக்கின்றன. அந்த வாரங்களில் நீரில் கரைந்து நின்ற அலுமினியம் எவ்வளவு என்பது அளக்கப்படவே இல்லை. இனி இத்தகைய சூழலில் முதல் மாதிரியையே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சங்கத்தின் செயல்முறைக் குறிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது.

தொட்டியை நாள்தோறும் காண்பவரின் சொல்லுக்கும், தண்ணீரைப் பயன்படுத்துபவரின் நாக்குக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். துவர்ப்பும் மதியக் கலங்கலும் தேதியோடும் நேரத்தோடும் எழுதப்பட்டிருந்தால், காரணம் இரண்டும் இன்னும் விரைவாகப் பிடிபட்டிருக்கும். குறிப்பேடு இப்போது பம்ப் அறையில் இருக்கிறது. லாரி வந்த நேரம், நீரின் வெப்பநிலை, ஜாடியில் கண்ட அளவு ஆகியவை அதில் பதிவாகின்றன.

தீராமல் நிற்பவை இரண்டு. குழாய்த் தொகுதியின் மேற்பரப்பில் வெயில் படும் பகுதியில் பாசி பிடித்து, அதில் சேறு ஒட்டுகிறது. கூரை ஒன்று போடும் வரை மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைக் கீழே இறக்கிக் கழுவ வேண்டியுள்ளது. மற்றொன்று, தொட்டியின் அடியில் சேரும் சேறு. தளம் சரிவின்றித் தட்டையாக இருப்பதால் அது வடிகுழாய்க்கு வந்து சேர்வதில்லை, ஆள் இறங்கித் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. வெளியே எடுத்தபின்னும் அது பெரும்பங்கு நீராகவே இருக்கிறது, தன் எடையால் இறுகி நீரை விட மேலும் பல நாட்கள் கேட்கிறது. இப்போதைக்கு வளாகத்தின் ஓரத்தில் மணல் பரப்பிய இரண்டு உலர்படுகைகளில் அது காயவைக்கப்படுகிறது. காய்ந்த அலுமினியச் சேற்றை எங்கே சேர்ப்பது என்பது குறித்துச் சங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை. மழைநீர் வடிகாலில் கரைத்து விடுவதில்லை என்பதில் மட்டும் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.